பாவு போட்ட தெருவில் பேட்டரி கார்

கார் என்றாலே எங்கள் காஞ்சிபுரத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கம்பெனியின் பேர்தான் வரும். அவர்கள் ஷோரூமுக்கு எதிரில்தான் நான் பேட்டரி கார் விற்கிறேன். அந்த மேனேஜர் சேகர் சாருக்கு என் வண்டி வெறும் "பொம்மை".

இன்று காலை சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளிக்கு ஓட்டிக்காட்ட இருவருமே அவரவர் வண்டியோடு போனோம்.

தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். தறியில் ஏற்றவேண்டிய சந்தன நிறப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாகக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள்.

"ஈரம் காயல சார். புகை பட்டா நூலு கறுத்துடும். இஞ்சினை அணைச்சிட்டு தள்ளிக்கினு போங்க," என்றார் ஒரு தறிக்கார அம்மா. அந்தத் தெருவில் பைக்குக்கும் அதே சட்டம்தான்.

சேகர் சார் டிரைவரை ஸ்டியரிங்கில் விட்டுவிட்டு, டையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ள ஆரம்பித்தார்.

"என் வண்டியில புகையே வராதும்மா," என்றேன்.

அந்த அம்மா நம்பவில்லை. பின்பக்கம் குனிந்து தேடினார்.

"இன்னாபா இது, குழாயே இல்ல! சரி, மெதுவா போ."

பாவை ஒட்டியே சத்தமில்லாமல் ஊர்ந்தேன். கஞ்சி தடவிய கைகளெல்லாம் நின்றன; எல்லோரும் என் வண்டியையே பார்த்தார்கள். சாமி புறப்பாட்டில் குடை பிடித்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

முதலாளி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார். பரவாயில்லை.

கிளம்பும்போது சேகர் சார் வியர்வையோடு என் ஜன்னலில் குனிந்தார். "ஏம்பா, ஒரு வாட்டி சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போவும்?"

"ஷோரூமுக்கு வாங்க சார், சொல்றேன். உங்களுக்கு எதிர்லதான் இருக்குது."

வருவார் என்கிறீர்களா?