அத்தான்மேல் வந்த கெதே

என் அக்காளின் புருஷன் வாமதேவன் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் மூலைக்கடை வைத்திருக்கிறார். நானும் அவரும் பிரான்சில் பதினொரு வருஷம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தவர்கள். அத்தானுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். அக்காளுக்கு என்ன தெரியும்? மனிதர் ஏழு மாதமாக ஒரு பொய்யைக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்.

எதிர்வீட்டு கஸ்பார் ஹெயிட்டி நாட்டுக்காரர். அத்தானோடு பிரெஞ்சில் ஊர்க்கதை பேசுகிற கூட்டாளி. நெஞ்சு வலி வந்த பிறகு, இனிச் சிகரெட் தொடமாட்டேன் என்று மனைவி மிர்லாந்திடம் சத்தியம் பண்ணியவர். ஆனால் பால் வாங்கப் போகிறேன் என்று தினமும் கடைக்கு வந்து, பின்பக்கம் நின்று இரண்டு இழுவை இழுத்துவிட்டுப் போவார். சிகரெட் விற்றது அத்தான். காவல் நின்றதும் அத்தான். ஏப்ரலில் கஸ்பார் செத்துப்போனார். அதன் பிறகு மிர்லாந்த் கடைக்குள் வந்தாலே அத்தான் பின்னறைக்குள் ஓடிவிடுவார்.

"அந்த மனிசன் செத்தது என்னாலைதானடா," என்று என்னிடம் மட்டும் சொல்லி அழுதார்.

நவம்பரில் மிர்லாந்த் ஒரு பெட்டி மிளகாய் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். தட்ட முடியவில்லை. அத்தானுக்கு நல்ல சளி, அதனால் பெட்டி தூக்க நானும் போனேன்.

ஞாயிறு மத்தியானம், வீடு நிறைய ஹெயிட்டிச் சனம், மேளச்சத்தம். மேசையில் கறுப்பும் ஊதாவுமாய்த் துணி, மண்டையோட்டுப் பொம்மை, பால் விடாத கோப்பி, நடுவில் கஸ்பாரின் படம். செத்தவர்களின் திருநாள் என்று பக்கத்தில் நின்ற கிழவர் எனக்கு விளக்கினார். எங்கள் படையல் மாதிரித்தான், எங்களிடம் சிரிப்புத்தான் குறைவு. கெதே என்பது செத்தவர்களின் தெய்வமாம். எங்கள் கோயில்களில் கலை வந்து சாமியாடுவதுபோல யார்மேலாவது இறங்கும், மூக்கால் பேசும், பகடி விடும், கேட்டால் உள்ளதைச் சொல்லும். வந்தது கெதேதானா என்று பார்க்க, மிளகாய் ஊறிய றம்மைக் குடிக்கக் கொடுப்பார்களாம்.

அத்தானுக்கு இதை யாரும் சொல்லவில்லை. போத்தலைக் கண்டதும் விருந்தாளிக்கு வைத்திருக்கிறார்கள், சளிக்கும் நல்லது என்று நினைத்து, ஒரு கிளாஸ் ஊற்றி ஒரே மடக்கில் குடித்துவிட்டார். பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு தின்ற வாய் அது. உறைப்புக் காணாது என்று அடைத்த மூக்கால் பிரெஞ்சில் சொன்னார்.

மேளம் நின்றது. யாரோ அவர் தலையில் கெதேயின் உயரத் தொப்பியை வைத்தார்கள். ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத கறுப்புக் கண்ணாடியை இன்னொருவர் மாட்டிவிட்டார். மறுத்தால் மரியாதை இல்லை என்று அத்தான் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஒருத்தி இடுப்பு வலிக்கு வழி கேட்டாள். பனடோல் போடச் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் மிளகாய்ப் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்போது மிர்லாந்த் முன்னால் வந்தார். கஸ்பார் தனக்குத் தந்த சத்தியத்தைக் காப்பாற்றினாரா என்று கேட்டார்.

'ஓம்' என்று ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும். நான் பெட்டிக்குப் பின்னாலிருந்து, ஆமென்று சொல்லச் சொல்லித் தலையைத் தலையை ஆட்டினேன். அந்த மடையர் கண்ணாடியைக் கழற்றினார். பிரெஞ்சில் அவர் சொன்னது எங்கள் பேச்சில் இதுதான்: "இல்லை அக்கா. என்ரை கடையிலைதான் வாங்கிக் குடிச்சவர். நான் கெதே இல்லை, வாமதேவன்."

கெதே இப்படித்தான் 'நான் கெதே இல்லை' என்பார் என்று கிழவர் சாதித்தார்.

மிர்லாந்த் அத்தானின் தொப்பியை நேராக்கிவிட்டார்.

"பால் வாங்கப் போறன் எண்டுதான் ஒவ்வொரு நாளும் போவார். எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பால் குடிக்கிறேல்லை. நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றார். பிறகு கஸ்பாரின் படத்தைக் காட்டினார். "நாளைக்கு அவரின்ரை சிகரெட்டைக் கொண்டுவாங்கோ. இனி அது அவரை ஒண்டும் செய்யாது."

மிளகாய் றம்முக்குக் கலங்காத கண் அப்போது கலங்கியது.

மறுநாள் அத்தான் ஒரு பெட்டி சிகரெட்டோடு எதிர்வீட்டுக்குப் போனார். பழக்கதோஷம், ஒரு போத்தல் பாலும் எடுத்துக்கொண்டார்.