உப்புத் தாங்கும் நாரத்தை

ஒட்டுக்கன்று விற்பவனுக்குப் பாதி மரம்தான் கண்ணில் தெரியும். மற்றப் பாதி யாரோ சொன்ன சொல்லை நம்பி மண்ணுக்குள் நிற்கும். நான் நம்பிய சொல் விடத்தல்தீவுச் சூசை அண்ணையுடையது. ஒருமுறை கடல் அவருடைய வீட்டு வளவுக்குள் ஏறி நின்றதாம். மற்ற மரமெல்லாம் பட்டுப்போக, ஒரு நாரத்தை மட்டும் பச்சையாகவே நின்றதாம். அதன் பழங்களை வருடாவருடம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தருவார். அந்த விதையை முளைக்கவைத்து, நாற்றில் தேசி எலுமிச்சை ஒட்டி, உப்புத் தாங்கும் என்று சொல்லித் தொட்டியில் வைத்து விற்கிறேன்.

அந்தக் கதையைப் பல வருடமாகச் சந்தேகித்துக்கொண்டேதான் இருக்கிறேன். தொட்டியில் தேசி வளர்ப்பவர்களே, விடிந்ததும் எந்த இலை விழுந்தது என்று பார்க்கும் பயம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு வீட்டு வாசலில் ஒரு தொட்டி. எனக்கு மன்னார் முழுக்கத் தொட்டி.

கொழுத்த கன்று

ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர், தன் கன்று அபாரமாக வளர்கிறது, வந்து பாருங்கோ என்று அழைத்தார். போய்ப் பார்த்தேன். விரல் நீள முள்ளோடு கரும்பச்சையாக ஒரு நாரத்தை நின்றது. ஒட்டுக்குக் கீழே அடிக்கட்டை தளிர்த்திருக்கிறது. கிள்ளி எறிய வேண்டிய தளிரை விட்டுவிட்டு, மேலே இருந்த தேசியை வெட்டியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை. சூசை அண்ணையின் வேர் மண்ணுக்கு மேலே வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். "எந்தத் தண்ணி விடுறியள், ரீச்சர்? உப்புக் கிணத்துத் தண்ணியோ?" என்று கேட்டேன். குழாய்த் தண்ணீராம். நல்ல தண்ணீரில் எதுதான் வளராது? நான் தொட்டியைச் சுற்றிப் பார்ப்பதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு ரீச்சர் சொன்னார்:

"நோஞ்சானை வெட்டிவிட்டாப் பிறகுதான் தம்பி, மற்றது மூச்சு விட்டது!"

கழுதை

நானா என்று எல்லோரும் அழைக்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் தொட்டியைக் கடை வாசலில் வைத்திருந்தார். உவர்க் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினார். இலை நுனி கருகுகிறது என்று சொல்லியனுப்பினார். உப்பாலும் கருகும், வெயிலாலும் கருகும். நேரில் பார்த்தால்தான் தெரியும். போகப் பயந்து நாளைக் கடத்தினேன்.

கடைசியில் போனபோது தொட்டியில் குச்சி மட்டும் நின்றது. தெருக்கழுதை ஒன்று இலையெல்லாம் மேய்ந்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருந்தது. ஒரு கருகிய நுனியைக்கூட அது மிச்சம் வைக்கவில்லை. தப்பினேன் என்று ஒரு கணம் நினைத்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. நானா கழுதையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்:

"உப்புத் தாங்கும் எண்டு சொன்னீங்க, கழுதையைப் பத்தி ஒண்டும் சொல்லல்லையே!"

ஒரு கிளாஸ் தண்ணீர்

பாப்பாமோட்டைக் கிராமத்து லெட்சுமியின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர் கூலி வேலைக்குப் போய்வந்தவர். முதலில் தொட்டியில் ஒரு கன்று வாங்கினார். அது காய்த்ததும் மேலும் மேலும் வாங்கிப் பின்வளவு முழுக்க நட்டுவிட்டார். இந்த வருடம் மழை பொய்த்தது. அவருடைய கிணறு உவர்த்துவிட்டது.

கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து, "குடிச்சுப் பாருங்க ஐயா" என்றார். வாயில் வைத்தேன். துப்ப வேண்டும் போலிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால் விழுங்கினேன். மரங்கள் பச்சையாகத்தான் நின்றன. மூலையில் ஒன்றில் மட்டும் சில இலைகளின் ஓரம் பழுத்திருந்தது. அது வயதான இலையாகவும் இருக்கலாம். வேறு கிணறு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதுபோல:

"பயமில்ல ஐயா. நீங்க தாங்கும்னு சொன்னீங்கல்ல, அதை நம்பித்தான் கூலி வேலையையே விட்டுட்டேன்."

சாக்கு

அடுத்த கிழமை சூசை அண்ணை வந்தார். சைக்கிளிலிருந்து நாரத்தைச் சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். பால் விடாத பிளேன்ரீ கொடுத்தேன். அந்த மரம் கடலைத் தாங்கியது உண்மைதானா என்று இன்றைக்குக் கேட்டே தீர்வது என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் பாப்பாமோட்டைக்குப் போய் லெட்சுமியிடம் என்ன சொல்வது?

அவர் ஆற அமரக் குடித்தபடி என் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தம்பி, எனக்கும் ரெண்டு தேசிக்கண்டு தாவன். எங்கடை வளவு முழுக்க உப்பு, ஒரு மரமும் நிண்டு பிடிக்குதில்லை. உன்ரை கண்டு தாங்குமெண்டு சனம் கதைக்குது."

அரைவாசி மன்னாருக்கு உப்புத் தாங்கும் மரம் விற்றவன் என்ற முறையில், அவருடைய கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, கடைசியில் கேட்டேன்: "அப்ப இந்தச் சாக்கிலை இருக்கிற பழம் எங்கையிருந்து வருது, அண்ணை?"