சந்தியாகப்பர் கழுத்தில் ஒரு டச்சுக்காரன்

திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருக்கிற ஒருவன் ஐரோப்பிய வெள்ளிக் காசு சேர்க்கிறான் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். என் மனைவிக்குப் பதினோரு வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. "மூட்டையத் தொட்டே அழுகலக் கண்டுபிடிச்சிருவாரு. காசுல மட்டும் அழுகலாத் தேடிப் பிடிச்சு வாங்கியாருவாரு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள், காபி டம்ளரை நீட்டிக்கொண்டே.

அவள் சொல்வதில் பொய் இல்லை. என் ஆல்பத்தில் நாற்பத்திரண்டு காசுகள். அதில் ஒன்பது காந்தத்தில் ஒட்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது என்ற உலக ரகசியம் ஒன்பதாவது காசை வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மீதியில் ஐந்து, ஆஸ்திரியா நாட்டு மகாராணி ஒருவரின் தலை போட்டவை. அந்த அம்மாள் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே, அவருடைய கடைசி வருஷத்தையே போட்டு, நூறு வருஷத்துக்கும் மேலாக அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அரபு வியாபாரிகள் வேறு காசைத் தொட மாட்டேன் என்றார்களாம். மகாராணியின் நகையில் முத்துக்களை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். செத்தவர் பெயரில் ரேஷன் வாங்குவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இந்தச் சரித்திரமெல்லாம் நான் படித்துப் பட்டம் வாங்கியதல்ல. மண்டியில் ஏலம் முடிந்த மத்தியானங்களில் மூட்டை மேல் சாய்ந்து செல்போனில் பார்த்தது. அப்படிப் பார்த்துப் பார்த்து ஏங்கிப்போனது டச்சுக்காரர்களின் குதிரைவீரன் காசுக்கு. முன்பக்கம் பாய்கிற குதிரை, அதன் மேல் வாளை ஓங்கிய வீரன். பின்பக்கம் கிரீடம் வைத்த கேடயம், இரண்டு பக்கமும் சிங்கம். கப்பல் கப்பலாக வெள்ளியைக் கொண்டுவந்து கொட்டி நம் கடற்கரையில் துணி வாங்கிப் போனவர்கள் அவர்கள். அத்தனை காசு இந்த மண்ணில் இறங்கியிருக்கிறது, எனக்கு ஒன்று கிடைக்கவில்லை. என் தலையெழுத்தைப் பாருங்கள்.

போன வருஷம் ஆடிக் காற்று அடித்துக் கிளப்பிய நாளில், எரியோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் திருவிழாவுக்குப் போனோம். என் மனைவிக்குத் தம்பி முறை ஆகிறவன் அங்கே உபதேசியார். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளில் ஜெபம் சொல்வது, மணி அடிப்பது, சாவி வைத்திருப்பது எல்லாம் அவன்தான். சின்னக் கோயில். உள்ளே குதிரை மேல் வாளோடு மரத்தில் செய்த சந்தியாகப்பர். அவர் கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு காசு தொங்கியது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். முழங்கால் போட மறந்துவிட்டேன். மேலே காது வைத்துப் பற்றவைத்திருந்தார்கள், வீரனின் முகம் தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆனாலும் குதிரை, வாள், திருப்பினால் சிங்கம். சாட்சாத் டச்சுக்காரன்!

"அது சந்தியாகப்பர் காசு மச்சான்" என்றான் உபதேசியார். "எந்தக் காலத்துல வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பிள்ளைத்தாச்சிக்கு ஒம்பதாம் மாசம் பொறந்ததும் இடுப்புல கட்டிவிடுவோம். பிள்ளை பொறந்ததும் திரும்பச் சாமி கழுத்துக்கு வந்துரும்." வாசலில் நின்ற அவன் மனைவிக்கு, அதே ஊரில் பிறந்தவள், அப்போது எட்டு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்த முறை டாக்டர் சொன்ன மாத்திரையையும் தின்றுகொண்டு, அந்தக் காசுக்காக நாளையும் எண்ணிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

மண்டியில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சரக்கு பிடித்துவிட்டால் முதலில் அதைப் பழிக்க வேண்டும். "என்னப்பா, தொலி உரிஞ்சு கெடக்கு, ஈரம் வேற" என்று முகத்தைச் சுளிக்க வேண்டும். விவசாயியும் லேசுப்பட்டவன் இல்லை. "அப்ப விடுங்க, ஒட்டன்சத்திரம் கொண்டுபோறேன்" என்று மூட்டையைத் தூக்குவது போல் பாவனை காட்டுவான். நான் கையைப் பிடிப்பேன். டீ வரும். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். முப்பது வருஷமாக வாயில் ஊறிய அந்தப் பேச்சு கோயிலுக்குள்ளும் தானாக வந்துவிட்டது.

"ஏன் மாப்ளே, இது எந்த ஊரு சந்தியாகப்பர்? இவன் டச்சுக்காரச் சிப்பாய், புராட்டஸ்டன்ட்காரன். நம்ம வேதத்துக்கே விரோதி. நாகப்பட்டினத்தப் பிடிச்சதும் நம்ம சாமியாருகள விரட்டிவிட்டதே இவிங்கதான். இவனக் கொண்டாந்தா சாமி கழுத்துல போட்டு வச்சிருக்கீங்க?"

சொன்னது அத்தனையும் உண்மை. என் ஆல்பத்தில்கூட அவ்வளவு உண்மை கிடையாது.

அவன் முகம் செத்துவிட்டது. "இம்புட்டு நாளா வேதத்த விட்டுப் போன பதிதனையா மச்சான் முத்தஞ் செஞ்சோம்?"

"போனது போகட்டும். அசல் சந்தியாகப்பரப் போட்டு நான் புது வெள்ளிப் பதக்கம் செஞ்சு தாரேன். இந்தச் சனியன நான் எடுத்துட்டுப் போயிர்றேன்." என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது.

சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றான். வாசலில் நின்றவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணே, அடுத்த வாரம் எனக்குக் கட்டணும்ணே. அதுவரைக்குமாவது இருக்கட்டுமே" என்றாள்.

"அதுல என்ன தாயி இருக்கு? புதுசு வந்ததும் அதக் கட்டிக்க" என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "கோயில் சொத்துல கைய வைக்கிறீங்க, நல்லால்ல" என்றாள். சரித்திர அறிவு இல்லாதவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. ஆல்பத்தில் நடுப்பக்கத்தைக் காலி செய்து, 'டச்சுக் குதிரைவீரன்' என்று சீட்டில் அழகாக எழுதி ஒட்டி வைத்தேன்.

அடுத்த வாரமே உபதேசியார் வந்தான். ஆட்டோவில், மனைவியையும் கூட்டிக்கொண்டு. ஆஸ்பத்திரியில் காட்ட வந்தவர்கள் அப்படியே வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தான்.

"நீங்க சொன்னத அப்படியே ஃபாதர்ட்டச் சொன்னேன் மச்சான். மந்திரிச்ச பொருள விக்கவும் கூடாது, வீட்டுல வேடிக்கைக்கு வைக்கவும் கூடாது, ஒண்ணு பொதைக்கணும், இல்ல உருக்கணும்னுட்டாரு. பொதைக்க மனசு வரல. பத்தர்ட்டக் குடுத்து உருக்கி, அதே வெள்ளியில அசல் சந்தியாகப்பரா அடிச்சாச்சு. உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?"

டப்பாவில் பளபளவென்று ஒரு வட்டம். பத்தர் குதிரையைப் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும் போல. சந்தியாகப்பர் ஆட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பழித்ததை நம்பி ஒரு விவசாயி மூட்டையை அப்படியே குப்பையில் கொட்டிவிட்டுப் போனது போல இருந்தது. என் மண்டி வாழ்க்கையில் அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை. இவன் என்னை நம்பிவிட்டான், பாவி. அப்போதுகூட நான் வருந்தியது காசுக்காகத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் மனைவி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். ஒன்பது மாதம் ஆகியிருந்தது. புதுப் பதக்கத்தை அவள் தொடவில்லை. அது டப்பாவிலேயே கிடந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அதுல இருந்தது சந்தியாகப்பர் இல்லேங்கிறீங்க. சரி. எங்கம்மாவுக்கு எனக்கு முன்னால மூணு தங்கல. அதக் கட்டித்தான் என்னையப் பெத்தாங்க. அப்ப என்னைய உசுரோட கொண்டாந்து விட்டது யாருண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டச்சுக்காரர்கள் எங்கே இறங்கினார்கள், என்ன வாங்கினார்கள், யாரை விரட்டினார்கள் என்றெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிற நான், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பீரோவைத் திறந்து ஆல்பத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "இதுல எது வேணும்னாலும் எடுத்துக்க தாயி. எல்லாமே எடுத்துக்க."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ராஜாக்கள், ராணிகள், கழுகுகள், கப்பல்கள். நடுப்பக்கத்துக் காலி இடத்தில் ஒட்டியிருந்த சீட்டையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூடித் திரும்ப என் கையில் கொடுத்தாள்.

"இதெல்லாம் வெறும் காசுண்ணே" என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தாயும் பிள்ளையும் சுகம், ஆனால் அந்த மூன்று வாரமும் தாய்க்காரி ஒரு நாள்கூடச் சரியாகத் தூங்கவில்லையாம். பிள்ளை அசைகிறதா என்று ராத்திரி முழுக்க வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தாளாம். அந்தப் பயம் நான் கொடுத்தது. பிள்ளையைப் பார்க்க நான் இன்னும் போகவில்லை.