சிங்டாவில் ஒரு ஜன்னல்

எங்கள் மகள் ஒரு சீனப் பெடியனைக் கலியாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது, என் மனைவி சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. மாதக்கணக்காகப் பாத்திரங்களை மட்டும் சத்தமாகக் கழுவினாள். அம்மா வாய் திறந்து சம்மதம் சொல்லாமல் கலியாணமில்லை என்று மகள் நின்றாள். நடுவில் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெடியன், தன் அப்பா வளர்ந்த வீடென்று ஒரு படம் அனுப்பினான். ஊர் சிங்டாவ். ஒருகாலத்தில் ஜேர்மன்காரர் பிடித்து வைத்திருந்த கடற்கரைப் பட்டினம். சிவப்பு ஓடு, மஞ்சள் சுவர், கருங்கல் அத்திவாரம், மூலையில் கூம்பு வைத்த கோபுரம். சீனா என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூரையிலிருந்து அத்திவாரம்வரை பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நல்ல ஆக்கள் போல கிடக்கு" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பார்த்துத்தான் ஆட்களை அளப்போம். அந்த வழக்கமும் எங்களோடு விமானம் ஏறிச் சிட்னியின் ஹோம்புஷ் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயிலில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் பெருமாள் மட்டும்தான். பூசை முடிவதற்குள் வீடு மாளிகையாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர் வாயைத் திறந்துவிட்டதே என் வீட்டுக்காரிதான்.

பெடியனின் தாய் தகப்பன் சிங்டாவிலிருந்து வந்து எங்கள் ஃபிளாட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மனைவி சொல்வதை மகள் ஆங்கிலமாக்க, பெடியன் அதைச் சீனமாக்குவான். பதில் அதே வழியால் திரும்பி வருவதற்குள் இடியப்பம் ஆறிவிடும். இவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டித் துடைக்க ஆள் வைத்திருந்தீர்களா என்று மனைவி விசாரித்தாள்.

தகப்பன் படத்தில் மேல்மாடி ஜன்னல் ஒன்றின்மேல் விரலை வைத்தார். அந்த அறைதான் அவர்களுடையது. மற்ற அறைகளில் மற்றக் குடும்பங்கள் இருந்தனவாம்.

மகள் இதைத் தமிழில் சொல்லிவிட்டுத் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"அப்ப குசினி?" என்றாள் அவள்.

படிக்கட்டில் என்று பதில் வந்தது. செதுக்கு வேலை செய்த மரப் படிக்கட்டின் திருப்பத்தில் அவருடைய அம்மா அடுப்பு வைத்து மீன் பொரிப்பாராம். அந்தச் சுவர் கரி பிடித்துக் கறுத்துப்போயிருந்ததாம். இப்போது கட்டடத்தைப் பழையபடி திருத்தி, கீழே கோப்பிக்கடை நடத்துகிறார்கள். கரியைச் சுரண்டிவிட்டு, ஜேர்மன்காரன் அடித்த அதே மஞ்சளை அடித்திருக்கிறார்கள். போன வருடம் இவர் போய் அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் நின்றாராம். வழியை மறிக்க வேண்டாம் என்று கடைப்பிள்ளை சொன்னாளாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சிட்னிக்கு வந்த புதிதில் நாங்களும் இன்னொரு குடும்பமும் ஒரே அறையில், நடுவே சீலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தோம். மனைவி அதைக் கோயிலில் ஒருவருக்கும் சொன்னதில்லை. கரண்டியைச் சட்டிக்குள் எறிந்தாள்.

"ஜேர்மன்காரன்ர மஞ்சள் இருக்கலாம், என்ர சம்பந்தியின்ர தாய் சமைச்ச கரி இருக்கக் கூடாதோ? இதென்ன நியாயம்?"

சம்பந்தி என்ற சொல்லை ஆங்கிலமாக்க மகள் வாயைத் திறந்தாள். ஆங்கிலம் வரவில்லை, அழுகைதான் வந்தது. பெடியன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். மனைவியோ கோபம் தீராமல் அவன் தகப்பனின் தட்டில் மீன் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மனைவி கலியாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்கிறாள் என்று நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.