மூச்சம்மாவின் கைப்பக்குவம்

மயக்க மருந்துக் குமிழைத் திருகிவிட்டு மூச்சம்மா அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நோயாளி வெளியே விடும் மூச்சில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் திரையில்தான் கண். குமிழ் சொல்வது நாம் அனுப்பிய அளவு. போய்ச் சேர்ந்ததை மூச்சுதான் சொல்லும் என்பார். ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் கிடக்கும். வாய் ஓயாது.

கதவுப் பலகையில் 'மயக்கவியல் மருத்துவர்' என்றிருந்தாலும் ஆபரேஷன் தியேட்டரில் ஆயா முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் மூச்சம்மாதான். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்கமாட்டார். தூங்க வைக்கிற டாக்டர் என்றால்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"தூங்க வைக்க நான் என்ன தாலாட்டா பாடறேன்? அனுப்பி வைக்கிறது பெரிய விஷயமில்லம்மா. திரும்பக் கூட்டிட்டு வரணும்."

முந்தின நாளே நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, பல் ஏதாவது ஆடுகிறதா என்று நடுநடுவே கேள்வி வரும். குடிப்பதுண்டா என்பதை மட்டும் மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பார். நாள்பட்ட குடிகாரருக்கு மருந்து கூடுதலாக வேண்டும். வயதானவருக்குக் குறைவாகப் போதும். கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாமல் கிடக்கும் அளவைத்தான் பாடப்புத்தகம் 'ஒன்று' என்று வைத்துக் கணக்குப் போடுகிறது. மூச்சம்மாவின் கர்வமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது.

"புத்தகம் பாதிப் பேருக்கு. மீதிப் பாதிக்குத்தான் நான்."

அண்மையில் அவரோடு வேலை பார்க்கும் வயிற்று அறுவை மருத்துவரின் அம்மா, எண்பதைத் தாண்டியவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய வழியில்லை. முன்பொரு முறை வேறு இடத்தில் ஆபரேஷன் நடந்தபோது, விழித்த பிறகு பல நாள் பெற்ற மகனையே சார் சார் என்று கூப்பிட்டிருக்கிறார். எனக்கு ஒரு பையன் இருக்கான் சார், வரச் சொல்லுங்க என்று அவரிடமே கெஞ்சியிருக்கிறார். எலும்பு சேர்ந்துவிடும், அம்மா திரும்பி வருவாளா என்பதுதான் இந்த முறை மகனுக்குக் கவலை. எலும்பு டாக்டர் கத்தியை எடுக்கும் நேரத்தில் மகன் அம்மாவின் தலைமாட்டில் வந்து நின்றார்.

மூச்சம்மா இடுப்புப் பக்கத்து நரம்பை ஊசி போட்டு முதலிலேயே மரத்துப்போகச் செய்திருந்தார். குமிழை நடுவயதுக்காரருக்கு வைப்பதைவிட நன்றாகக் குறைத்துத்தான் வைத்தார். ஆழ்ந்த மயக்கம் மட்டுமே அந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று அவரே சத்தியம் செய்யமாட்டார். ஆனால் தன் கையில் இருப்பது அது ஒன்றுதான். நெற்றியில் ஒட்டிய பட்டை, மூளை எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று திரையில் எழுதிக்கொண்டிருந்தது.

மகனுக்குப் பொறுக்கவில்லை. வலித்தால் அம்மாவால் சொல்லக்கூட முடியாதே, கொஞ்சம் ஏற்றுங்கள் என்றார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். பிறகு அவருடைய கையே குமிழை நோக்கி நீண்டது.

மூச்சம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"நீங்க வயித்தத் திறக்கிறப்ப நான் வந்து கத்தியப் பிடிக்கிறேனா? வலிக்குத் தனியா மருந்து போட்டாச்சு. நாடி ஏறல, பிரஷர் ஏறல. உங்க பயத்துக்கெல்லாம் அம்மாவுக்கு மருந்து ஏத்த முடியாது சார்."

எலும்பு டாக்டர் குனிந்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு மூச்சம்மா பேசவில்லை. அவர் பேசாமலிருந்து அந்த அறை பார்த்ததில்லை.

தையல் முடிந்தது. குமிழை மூடியதும் மருந்து மூச்சு மூச்சாக வெளியேறியது. வாயிலிருந்த குழாயை எடுத்தபின் அம்மா இருமி, கண் திறந்தார். எதிரே நெற்றி வரை தொப்பியும் கண் வரை முகமூடியுமாக மகன். தன்னைத் தெரிகிறதா என்று கேட்கப் பயந்து நின்றார். அம்மா அந்த இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"ஏண்டா குண்டா, அழறியா?"

ஒல்லிக்குச்சியான அந்த மனிதரை அங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூச்சம்மா பின்னாலிருந்து எட்டி, அவருடைய முகமூடியின் நாடாவை அவிழ்த்துவிட்டார்.