பருந்துக்கும் சுறாவுக்கும் நடுவில்

சுறாவின் தோலைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுக்கும். திருப்பித் தடவினால் உப்புத்தாள். இதை நான் கண்டுபிடித்தது எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து வயதில், சேலையூரில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியிலிருந்த காலி மைதானத்தில். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

தங்கை பிறந்து ஒன்பது நாள். எடை குறைவு, அம்மாவுக்குப் பாலும் போதவில்லை. சுறாப்புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பா 'டூட்டி'க்குப் போயிருந்ததால் தாம்பரம் மார்க்கெட்டுக்கு நான் போனேன். மீன்கார அக்கா சாண் நீளக் குட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது அடியில மண்ணுல படுத்துகினே கெடக்கும் கண்ணு, சோம்பேறி. ஆனா புட்டு செஞ்சி குடு, பால் பிச்சிகினு வரும்."

படுத்தே கிடக்கும் சுறாவா! மைதானத்தில் நின்று, 'ஒயர் கூடை'யிலிருந்து அதை வெளியே எடுத்தேன். தலைக்கு மேலே ஒரு பருந்து இறக்கையை அசைக்காமல் மிதந்தது. எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டார்: அது காற்றின்மேல் படுத்திருக்கிறது, இது மணலின்மேல் படுத்திருந்தது, இரண்டுமே சும்மா இருப்பதுபோல் இரைக்குக் காத்திருப்பவை, ஆனால் ஜென்மத்துக்கும் ஒன்றையொன்று சந்திக்க முடியாதவை. இந்த முடிவுக்கு நான் வந்த மறுநொடி, என் கையிலேயே சந்தித்துக்கொண்டன.

கத்தினேன். டவுசர் நனைந்தது. சுறாவைத் தூக்கிக்கொண்டு பறந்த பருந்தைப் பார்த்து வீசிய செருப்பு சைக்கிளில் வந்தவர்மேல் விழ, "இன்னாடா பேஜார் பண்றே!" என்று அவர் துரத்த, ஒற்றைச் செருப்போடு வீடு சேர்ந்தேன்.

"மார்க்கெட்டுக்கு சுறா வரலம்மா. காசும் எங்கியோ விழுந்துடுச்சி" என்று பயத்தில் ஒன்றுக்கு இரண்டாகப் புளுகினேன்.

"போனாப் போவுது. கையில என்னடா ரத்தம்?" என்றாள் அம்மா.

பதினான்காம் நாள் தங்கை இறந்துபோனாள்.

"அன்னிக்கு மட்டும் சுறா வந்திருந்தா..." என்று அம்மா அதன்பிறகு பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரையே சிரிக்கவைக்கும் நான் அப்போதெல்லாம் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொல்வார்கள். நான் பொய் சொன்னது டாக்டரிடம் இல்லையே.

மைதானம் இப்போது அடுக்குமாடி. அம்மாவுக்கு அந்த ஒரு மாதத்தைத் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா அழுவுதுடா. சுறா வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சும்மா. நான்தான் வாங்கினேன்."

முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"அப்ப பயமில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.