தாயின் தாய் எந்தக் குடி? மட்டக்களப்பு வாவியோரம் ஒரு விடை தேடி மூன்று நாட்கள்

கடந்த மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் ஏறினேன். சுற்றிப் பார்ப்பதற்கான பயணமல்ல இது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கேள்விக்கு எனக்கு விடை வேண்டியிருந்தது. காலஞ்சென்ற என் தங்கையின் மகள் தாரணி எந்தக் குடியைச் சேர்ந்தவள்?

மட்டக்களப்பைச் சாராத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல குடிகளாகப் பிரிந்துள்ளன. ஒருவருடைய குடி தாயிடமிருந்து வருகிறது. ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும், அதுவரை ஒருவரையொருவர் பார்த்திராவிட்டாலும், உடன்பிறந்தவர்கள் முறை. அவர்கள் மணம் முடிக்கக் கூடாது. தாரணி மணக்க விரும்பிய சுதனின் குடும்பம் பெரியகல்லாற்றில் இருக்கிறது. சுதனின் தாயார் தொலைபேசியில் தங்கள் குடியின் பெயரைச் சொல்லிவிட்டு, எங்களுடையதைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் தாயார் திருமணமாகிக் கொழும்புக்கு வந்தவர், சொல்லாமலே போய்விட்டார். தங்கையும் நான்கு ஆண்டுகளுக்கு முன் போய்விட்டாள். ஞாயிறன்று கல்யாண நாள் வைப்பதாக இருந்தது. "குடி தெரியாம நாள் வைக்க ஏலாது, அண்ணன். குறை நினைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. குறை நினைக்க எனக்கு உரிமை இல்லை. தாரணிக்குத் தாய்வழியில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான்; நானும் கேட்டு வைக்கவில்லை.

இரு தரப்பினருடைய குடிப் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. அவற்றை வெளியிட எவரும் எனக்கு அனுமதி தரவில்லை. என் தாயாரின் ஊர்ப் பெயரையும் அதே காரணத்துக்காகத் தவிர்க்கிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ரயில் காலை 6.05க்குப் புறப்பட்டது, பிற்பகல் மூன்று மணியளவில் மட்டக்களப்பை அடைந்தது. நான் தொழிலால் சட்டத்தரணி; பயணத்தின் பெரும் பகுதியை என் கோப்பைப் புரட்டுவதில் கழித்தேன். தாயாரின் பிறப்புச் சான்றிதழ், பாட்டன் சின்னத்தம்பி எழுதிய சீதன உறுதிப் பத்திரத்தின் பிரதி, பாட்டன் பாட்டியின் விவாகப் பதிவு, பத்தாண்டுகளாக நான் வரைந்துவரும் வம்ச வரைபடம் ஆகியவை அதில் இருந்தன. அந்த வரைபடம் ஐந்து தலைமுறைகளைக் காட்டுகிறது. அதில் எந்தப் பெயருக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. குடி என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை. எந்தப் பதிவாளரும் அதைக் கேட்டு எழுதுவதில்லை.

நகரில் வாவிக்கு அருகே ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஓரிரவுக்கு 4,500 ரூபாய். வாவியைப் பற்றி எழுத வேண்டும்தான். ஆனால் அன்று மாலை அந்தத் தண்ணீரைப் பார்த்தபடியே நான் செய்தது, மறுநாள் கேட்க வேண்டிய கேள்விகளை இலக்கமிட்டு எழுதியது மட்டுமே. பதினான்கு கேள்விகள் வந்தன. சரியான கேள்வி அவற்றில் இருக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

வியாழன் காலை 7.20க்குக் கல்முனை பஸ்ஸில் ஏறினேன். பெரியகல்லாறு நகரிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். தாயாரின் ஊர் அதற்குச் சற்று முன்னால். காத்தான்குடியைக் கடக்கும்போது கடைத்தெரு நெரிசலில் பஸ் பத்து நிமிடம் நின்றது. அடுத்த இருக்கைக்காரர் ஜன்னல் வழியாக இரண்டு பொதி மஸ்கற் இனிப்பு வாங்கி, ஒன்றைப் பிரித்து எனக்கும் நீட்டினார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கேள்விகளை மறுபடி வாசித்தேன்.

தாயாரின் ஊர்க் கோவிலின் வண்ணக்கர், அதாவது கோவில் நிர்வாகத்துக்குக் குடிகளின் சார்பில் தெரிவு செய்யப்பட்டவர், ஓய்வுபெற்ற தபாலதிபர். நான் வருவதை முன்கூட்டியே அறிவித்திருந்தேன். அந்தக் கோவிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடியின் பொறுப்பு. எந்தக் குடிக்கு எவரெவர் என்று பழைய நீள்கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை மேசைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஆரைத் தேடுறீங்க என்று கேட்டார்.

"சின்னத்தம்பி. என் தாயாரின் தகப்பனார். எந்தக் குடி?"

இருபது நிமிடங்களில் பெயரைக் கண்டுபிடித்தார். பாட்டனின் தந்தை பெயர், வீட்டு வளவின் பெயர் எல்லாம் என் உறுதியோடு பொருந்தின. பக்கத்தின் தலைப்பில் குடியின் பெயர் இருந்தது. சுதனின் தாயார் தொலைபேசியில் சொன்ன அதே பெயர்.

மறுபடியும் வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டேன். தலைப்பும் பெயரும் தெரிய இரண்டு படங்கள் எடுத்தேன். தேநீர் தந்தபடி, என் தாயாரின் தாய் வள்ளியம்மையின் தங்கை வழி ஆட்கள் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக்குப் போய்விட்டதாகவும், இப்போது வவுணதீவுப் பக்கம் வயல் செய்வதாகவும் அவர் சொன்னார். அதைக் கோப்பின் ஓரத்தில் குறித்தேன், பொருளை யோசிக்கவில்லை. வேறு கேள்வி இருக்கா என்று அவர் கேட்டபோது, இல்லை என்றேன். பதின்மூன்று மீதமிருந்தன.

வெளியே வந்தபோது நேரம் 10.50. பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தபோது தாரணி அழைத்தாள்.

"என்ன மாமா, தெரிஞ்சுதா?"

"இன்னும் உறுதியாகவில்லை" என்றேன். சட்டப்படி அந்த வாக்கியத்தில் தவறில்லை. அவள் மேற்கொண்டு துருவாமல், சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். கெட்ட செய்தியை நான் தள்ளிப்போடும் விதம் அவளுக்குத் தெரியும். தங்கையின் நோயைப் பற்றி மருத்துவர் சொன்னதையும் அப்படித்தான் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க மனமில்லாமல் ஒரு ஓட்டோவை மறித்தேன். நகர் வரைக்கும் 3,000 ரூபாய் பேசினோம். ஓட்டியவர் பெயர் நவம். நாற்பது வயதிருக்கும், களுவாஞ்சிகுடிக்காரர். மகிழூர்ச் சந்தி வருவதற்குள் கோவிலில் எனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டார். அந்நியரிடம் குடும்ப விடயம் பேசுவது என் வழக்கமல்ல. அன்று பேசினேன். ஆனாலும் பெயர்களைத் தவிர்த்து, 'கட்சிக்காரர் ஒருவர்' என்றுதான் தொடங்கினேன்.

"அந்தக் கட்சிக்காரர் நீங்கதானே, சேர்?"

ஆம், சட்டத்தரணியும் நான்தான் என்றேன். கொப்பியில் பாட்டனின் குடி மாப்பிள்ளையின் குடியாகவே இருந்ததைச் சொன்னேன். நவம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அது அப்பப்பாட குடி எண்டா, அம்மம்மா அந்தக் குடியா இருக்க ஏலாதே, சேர்."

அப்பப்பா அல்ல, அம்மப்பா என்று முதலில் திருத்தினேன். அப்படியொரு பழக்கம் எனக்கு.

"ஆரா இருந்தாலும்தான். ஒரே குடிக்குள்ள முடிக்க மாட்டாங்க. அவர் அந்தக் குடி எண்டா, அவர் முடிச்ச பொம்பிளை வேற குடி. உங்கட அம்மா தாய்ட குடி. தங்கச்சியும் அதுதான், தங்கச்சிட மகளும் அதுதான். பிறகென்ன?"

ஓட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒவ்வொரு மனுவும், பதிந்த ஒவ்வொரு உறுதியும் 'இன்னாரின் மகன், இன்னாரின் மகள்' என்று தகப்பன் பெயரிலேயே நடந்தவை. தாய்வழி என்று தேடப் புறப்பட்டும், தாயின் தகப்பனிடம்தான் போய் நின்றேன். வண்ணக்கர் தவறு செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். என்னைப் பயமுறுத்திய அந்தப் பக்கமே எங்களுக்குச் சார்பான சாட்சி.

ஆயினும் நிம்மதி வரவில்லை. பாட்டன் வழக்கத்தை மீறி ஒரே குடியில் மணம் முடித்திருந்தால்? நவத்திடம் கேட்டேன்.

"மீறி முடிச்சிருந்தா அந்தக் கொப்பியில பேர் வந்திருக்காது, சேர். சட்டம் படிச்சா இவ்வளவு பயம் வருமா? நல்ல காலம், நான் எட்டாம் வகுப்போட நிப்பாட்டிட்டன்."

அது அனுமானம், சாட்சியம் அல்ல. கோப்பின் ஓரத்தில் நான் குறித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் வவுணதீவுக்குப் போகவர 4,000 ரூபாய் என்று அவருடனேயே பேசிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை 8.15க்குப் புறப்பட்டு, வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். நகரிலிருந்து வவுணதீவுச் சந்தி ஆறு கிலோமீற்றர் வரும். அதன் பிறகு ஒன்பது கிலோமீற்றர் உள்ளே, கடைசி மூன்றும் கிரவல் பாதை. இருபுறமும் வட்டைகள், அதாவது பெரும் வயற்பரப்புகள். பெரும்போக நெல் வெட்டு முடியும் தறுவாய். வெட்டு இயந்திரம் ஒன்று பாதையை மறித்து நின்றதால் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தோம். நவம் மூன்று இடங்களில் விசாரித்தார். ஒவ்வொருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காணிப் பிரச்சினையா என்றுதான் முதலில் கேட்டார்கள். கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது தவறு என்று புரிந்து, ஓட்டோவின் இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

பரமேஸ்வரி என்பவரின் வீட்டைக் காட்டினார்கள். அறுபது வயதுக்குச் சற்று மேல். முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே, தாங்கள் காணி விற்பதில்லை என்றார். காணிக்கு வரவில்லை, வள்ளியம்மையின் மகளின் மகன் என்றேன். கால்விரலால் நெல்லைக் கிளறியபடியே, எந்த வள்ளியம்மை என்று கேட்டார்.

சாட்சியின் வாயில் விடையை வைக்கக் கூடாது. வள்ளியம்மையின் கூடப் பிறந்தவர்கள் யார் என்று மட்டும் கேட்டேன். ஒரு தங்கை, பெயர் பொன்னம்மை, தன் தாயைப் பெற்றவர் என்றார். பொன்னம்மையின் கணவரின் பெயரைக் கேட்டேன். பாட்டனின் விவாகப் பதிவில் இரண்டாம் சாட்சியாகக் கையெழுத்திட்டவரின் பெயர் அது. கடைசியில், உங்கள் குடி எது என்றேன்.

சொன்னார். வேறு குடி.

இரண்டாம் முறையும் கேட்டேன். "எத்தினை தரம் சொல்ற, தம்பி? நம்மட குடி நமக்குத் தெரியாதா?" என்றார். தாரணியைப் பற்றியும் சுதன் வீட்டைப் பற்றியும் சொன்னேன். அந்தக் குடிப் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

"அவங்கதானே நமக்கு மாப்பிள்ளை தாற குடி. உங்கட அம்மப்பாவும் அங்க இருந்து வந்தவர்தானே. நான் முடிச்சதும் அங்கதான். இதுக்கா கொழும்பில இருந்து ஓடி வந்தீங்க?"

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய கணவர் எட்டிப் பார்த்து, "என்ன குறை கண்டீங்க எங்கட குடியில?" என்று கேட்டார். நவம் ஓட்டோவில் சாய்ந்து நின்று சிரித்தார். நான் கதிரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டேன்.

11.40க்கு, அங்கிருந்தே சுதனின் தாயாரை அழைத்தேன். குடியின் பெயரையும், பாட்டன் பாட்டியின் பெயர்களையும், தகவல் கிடைத்த இரு மூலங்களையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பெயர்களை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, நல்லது என்றார். அதன் பின்னர்தான், இத்தனை நாளும் கோப்பால் விடை சொல்ல முடியாதென்று நான் உள்ளூர அஞ்சியிருந்த கேள்வியைக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நாள் வைக்க பொம்பிளைப் பக்கம் ஆர் வாறீங்க, அண்ணன்? தாய் ஸ்தானத்தில ஆர்?"

என் மனைவி யாழ்ப்பாணத்தவர். அன்பில் குறைவில்லை, ஆனால் அவர் அந்தக் குடியல்ல. நான் அதைச் சொல்லத் தொடங்கியபோது பரமேஸ்வரி அக்கா நெல் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, தொலைபேசிக்காக நீட்டினார்.

"நான் பிள்ளைட பெரியம்மா கதைக்கிறன். ஓம், வாறன். நாங்க எல்லாரும் வாறம்."

தாரணியை அடுத்து அழைத்தேன். குடி வேறு என்றதும் அழத் தொடங்கினாள். தொலைபேசியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வயலோரம் போய் நின்றேன். அவர்கள் பதினேழு நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை விடுதியில் வம்ச வரைபடத்தைப் புதிதாக, பெண்வழியில் வரையத் தொடங்கினேன். வள்ளியம்மை, என் தாய், தங்கை, தாரணி. நான் ஓரத்தில் ஒரு முனையாக நின்றேன். என் மகனுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அவன் அவனுடைய தாயின் வழி. பத்தாண்டுகளாக நடுவில் என்னை எழுதி வந்தவனுக்கு அது பழகச் சிறிது நேரம் பிடித்தது. தாரணியின் பெயருக்குக் கீழே மட்டும் தாளில் இடம் விட்டேன்.

இதே தேடலுக்காகச் செல்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், அவருடைய சகோதரிகளின் பெயர்கள் ஆகியவற்றோடு புறப்படுங்கள். தகப்பன் பெயர்கள் அடையாளத்தை உறுதிசெய்ய மட்டுமே உதவும். விவாகப் பதிவில் சாட்சிகளின் பெயரை வாசிக்காமல் விடாதீர்கள். கோவில் கொப்பிகளைப் பார்க்க வண்ணக்கரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். திருவிழாக் காலத்தில் போகாதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. படுவான்கரைக்குக் கோப்போடு போகாதீர்கள். பாதி விடையோடு எவரையும் தொலைபேசியில் அழைக்காதீர்கள். முழு விடை கிடைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நான் இங்கே கொடுத்த கட்டணங்களும் நேரங்களும் நான் சென்ற நாட்களுக்கு உரியவை.

வாகனம் பேசும்போது ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். நான் ஒருவனுக்கு என்று ஓட்டோ பேசினேன். ஞாயிறு காலை பெரியகல்லாற்றுக்கு வான் பிடிக்க வேண்டியதாயிற்று. பெண் வீட்டார் பதினொரு பேர்.